நிறுத்தக் கற்றபின் ஓட்டக் கற்போம்: மிதிவண்டிக்குப் புதியவர்களுக்குச் சில வழிமுறைகள்

"நாள்தோறும் அரைமணி நேரமாவது உடற்பயிற்சி செய்யுங்கள்" என்பது நீரிழிவு, இரத்த அழுத்தம், உடல் பருமன், மூட்டுத் தேய்மானம் முதலியவற்றுக்காக மருத்துவமனைக்கு வருவோர் பலரும் கேட்டுப் பழகிய அறிவுரை. கேட்டவுடன் நினைவுக்கு வருவது நடைப்பயிற்சி. சில நாட்கள் நடந்ததும் முழங்கால் வலிக்கத் தொடங்குகிறது, நடை நின்றுவிடுகிறது. "நடக்க முடியவில்லை, வேறு என்ன செய்யலாம்?" என்பது அடுத்த கேள்வி.

அக்கேள்விக்குரிய விடைகளுள் ஒன்று நம் பகுதி வீடுகள் பலவற்றில் திண்ணையோரம் சாய்ந்து நிற்கிறது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் படிக்கும் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்குத் தமிழக அரசு விலையில்லா மிதிவண்டி வழங்கி வருகிறது. படிப்பு முடிந்து பிள்ளைகள் வெளியூர் சென்றபின், அந்த வண்டி காற்றிறங்கித் தூசி படிந்து நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். அதைத் துடைத்து, காற்றடித்து, வீட்டிலுள்ள நோயாளி ஒருவர் ஓட்டத் தொடங்கினால் அவருக்கு நன்மை உண்டு. ஆனால் தொடங்கும் முறை முக்கியம்.

புதியவர்களுக்கு நாங்கள் சொல்ல விரும்புவது ஒன்றே: முதலில் நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்துவது ஒன்று. உடல் எச்சரிக்கும்போது பயிற்சியை நிறுத்துவது இரண்டு. "இன்றைக்கு இது போதும்" என்று களைப்புக்கு முன்பே நிறுத்துவது மூன்று. இம்மூன்றும் கைவந்தவர் நெடுநாள் ஓட்டுவார்.

மிதிவண்டி ஏன் நல்லது?

நடக்கும்போது உடலின் எடை முழுவதும் இடுப்பு, முழங்கால், கணுக்கால் வழியாகத் தரையில் இறங்குகிறது. மிதிவண்டியில் அந்த எடையின் பெரும்பகுதியை இருக்கை தாங்கிக்கொள்கிறது. ஆகவே மூட்டில் அதிர்வு குறைகிறது. அதே வேளையில் மூட்டு நன்கு மடங்கி நீள்கிறது. தொடைத் தசைகள் வலுப்பெறுகின்றன. முழங்காலைத் தாங்கிப் பிடிப்பவை அத்தசைகளே. தொடை வலுத்தால் முழங்காலின் சுமை குறையும்.

வேலை செய்யும் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்துகின்றன. தொடையும் புட்டமும் உடலின் பெரிய தசைகள் என்பதால், மிதமாக மிதித்தாலும் சர்க்கரை செலவாகிறது. தொடர்ந்து பழகி வந்தால் இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மையும் மேம்படுகிறது.

வயதுவந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. நாளுக்கு 30 நிமிடம் என வாரத்தில் ஐந்து நாட்கள் மிதித்தால் அந்த 150 நிமிடம் நிறைவடைந்துவிடும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் அரைமணி நேரம் மெதுவாக மிதித்தால் செலவாவது ஏறத்தாழ 120 கலோரிதான். "இன்று சைக்கிள் ஓட்டினேன்" என்று கூறி ஒரு தட்டுப் பிரியாணி கூடுதலாகச் சாப்பிட்டால் கணக்கு நேராகாது. உணவுக் கட்டுப்பாடும் மருந்தும் முன்போலவே தொடர வேண்டும்.

கற்க வயது தடையா?

"ஐம்பது வயதுக்கு மேல் போய்ச் சைக்கிள் கற்பதா?" என்று, குறிப்பாகப் பெண்கள், தயங்குகிறார்கள். அத்தயக்கத்துக்குப் புதுக்கோட்டை மாவட்டம் விடை தந்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியை நடத்தியபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பால் பெண்களுக்கு மிதிவண்டிப் பயிற்சியும் அதனுடன் சேர்க்கப்பட்டது. வயல்வேலைக்கும் கல்குவாரி வேலைக்கும் சென்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டப் பழகினார்கள். பெண்களுக்கான வண்டிகள் போதாதபோது, நடுவே பார் வைத்த ஆண்கள் வண்டியிலேயே கற்றுக்கொண்டார்கள். அவர்களுள் மிகப் பலர் அதற்கு முன் வண்டியைத் தொட்டே அறியாதவர்கள்.

புதியவர்களில் இருவகையினர் உண்டு. ஒருமுறையும் ஓட்டியறியாதவர்கள் முதல் வகையினர். மணிக்கணக்கு வாடகைக்கு வண்டி எடுத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகி, பின்னர் மோட்டார் சைக்கிளுக்கு மாறி, இருபது முப்பது ஆண்டுகள் மிதிவண்டியை மறந்திருப்பவர்கள் இரண்டாம் வகையினர். முதல் வகையினருக்கு அச்சம் அதிகம். ஆகவே கவனமும் அதிகம். இரண்டாம் வகையினரே பெரும்பாலும் மிகையாக முயல்கிறார்கள். வண்டியைச் சமநிலையில் நிறுத்தும் திறன் மறப்பதில்லை என்பது உண்மை. ஆனால் இருபது வயதில் இருந்த இதயமும் முழங்காலும் கண்பார்வையும் இன்று அப்படியே இருப்பதில்லை. பழகியவர் என்ற எண்ணத்தை ஒதுக்கிவிட்டு, அவர்களும் முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும்.

முன்னதாக மருத்துவரைக் கேட்க வேண்டியவர்கள்

கீழ்க்காணும் நிலையில் உள்ளோர், மருத்துவரின் ஒப்புதல் பெறாமல் சாலையில் வண்டி ஓட்டத் தொடங்க வேண்டாம்.

மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைக்கப்பட்டவர்கள், பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்கள். பைபாஸ் அறுவையின்போது பிளக்கப்படும் மார்பெலும்பு நன்கு கூடுவதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகலாம். அதற்குள் ஹாண்டில்பாரை இறுகப் பிடிப்பதும் கீழே விழுவதும் ஆபத்தானவை.

வலிப்பு நோய் அல்லது அடிக்கடி தலைச்சுற்றல் உள்ளவர்கள், பக்கவாதத்தால் ஒரு பக்கம் தளர்ந்தவர்கள், எலும்பு வலுவிழந்தவர்கள், கர்ப்பிணிகள். இவர்களுக்கு ஓரிடத்தில் நிற்கும் உடற்பயிற்சி மிதிவண்டி பெரும்பாலும் பொருத்தமாக இருக்கும். மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களும் அதிலிருந்தே தொடங்க வேண்டும்.

நீரிழிவினால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், அண்மையில் கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள்.

வார்ஃபரின், அசெனோகூமரால் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்பவர்கள். இவர்களுக்குச் சிறிய அடியும் உள்ளே பெரிய இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும்.

ஓய்வாக அமர்ந்திருக்கும்போது இரத்த அழுத்தம் 180/110 அல்லது அதற்கு மேல் இருந்தால், அன்று பயிற்சி கூடாது. அன்றே மருத்துவரைக் காண்பது நல்லது.

உடலுக்கேற்ற வண்டி

பேரனின் வண்டியில் பேரனின் உயரத்துக்கு வைத்த இருக்கையிலேயே தாத்தா அமர்ந்து மிதிப்பதால்தான் பல முழங்கால்கள் வலிக்கின்றன. இருக்கையின் உயரம் இரு கட்டங்களாக அமைய வேண்டும்.

கற்கும் காலத்தில் இருக்கை தாழ்ந்திருக்கட்டும். அமர்ந்தபடியே இரு பாதங்களும் முழுமையாகத் தரையில் பதிய வேண்டும். அப்போதுதான் வண்டி சாய்ந்தால் காலை ஊன்றிக்கொள்ள முடியும்.

ஓட்டம் கைவந்தபின் இருக்கையைச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். ஒரு பக்கப் பெடலை முழுவதும் கீழே இறக்கி, அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பின்னர் முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்காலில் சிறு மடிப்பு எஞ்சியிருக்கும். அதுவே சரியான உயரம். இருக்கை மிகத் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பகுதி வலிக்கும். மிக உயர்ந்திருந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும். முழங்காலின் பின்புறம் இழுக்கும். வலி எந்தப் பக்கம் என்று கவனித்தால் திருத்தம் எளிது.

ஹாண்டில்பார் இருக்கையின் உயரத்திலோ அதற்குச் சற்று மேலோ இருந்தால் முதுகும் கழுத்தும் வருந்தா. முழங்கையைச் சற்று மடக்கியே பிடியுங்கள். உள்ளங்கை மரத்துப்போனால், உடலின் பாரத்தைக் கைகளில் போடுகிறீர்கள் என்று பொருள். முதல் வாரத்தில் உட்காருமிடத்தில் வலி இருப்பது இயல்பு; மரத்துப்போவது இயல்பன்று. அவ்வாறு ஆனால் இருக்கையின் சாய்வை மாற்றிப் பார்க்க வேண்டும்.

நெடுநாள் நின்ற வண்டியை ஒருமுறை சைக்கிள் கடையில் காட்டிவிடுங்கள். பிரேக் கட்டைகள் தேய்ந்திருக்கலாம், டயர் வெடிப்பு விட்டிருக்கலாம், செயின் துருப்பிடித்திருக்கலாம். அதன்பின் ஒவ்வொரு நாளும் புறப்படுமுன் மூன்றைப் பாருங்கள்: டயரை விரலால் அழுத்திக் காற்றைப் பாருங்கள், வண்டியை உருட்டியபடி இரு பிரேக்குகளையும் பிடித்துப் பாருங்கள், செயின் தொய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அரை நிமிட வேலை.

சேலை கட்டுவோர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். செயின் கவரும், பின்சக்கரத்தில் துணி சிக்காமல் காக்கும் வலைத்தடுப்பும் இருக்கட்டும். துப்பட்டாவைப் பின்னால் முடிந்துவிடுங்கள். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டலாம். கால்சட்டை இன்னும் நல்லது. தலைக்கவசம் அவசியம். செருப்பைவிட, விரல்களை மூடும் காலணியே ஏற்றது.

முதல் பத்து நாட்கள்

1817-ஆம் ஆண்டு ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் ஓட்டிக் காட்டிய இருசக்கர வண்டிக்குப் பெடல் கிடையாது. இருக்கையில் அமர்ந்து, கால்களால் தரையை உந்தியே செல்ல வேண்டும். பெடல் பின்னர் வந்தது. புதிதாகக் கற்பவர்களுக்கும் இவ்வரிசையே எளிது: முதலில் சமநிலை, பிறகு மிதித்தல். சைக்கிள் கடையில் சொன்னால் பெடல்கள் இரண்டையும் சில நாட்களுக்குக் கழற்றித் தருவார்கள்.

பள்ளி விடுமுறை நாளில் விளையாட்டுத் திடல், அறுவடை முடிந்த களம், போக்குவரத்து இல்லாத குடியிருப்புத் தெரு ஆகியவை ஏற்ற இடங்கள். தரை சமமாகவும் இறுகியும் இருக்கட்டும்.

முதல் இரண்டு நாட்கள் வண்டியின் இடப்பக்கம் நின்று உருட்டிக்கொண்டே நடங்கள். பிரேக்கைப் பிடித்து நிறுத்துங்கள். நம் நாட்டு வண்டிகளில் வலக்கைப் பிடி பெரும்பாலும் முன்சக்கரத்தையும் இடக்கைப் பிடி பின்சக்கரத்தையும் நிறுத்தும். உங்கள் வண்டியில் எப்படி என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முன்பிரேக்கை மட்டும் திடீரென அழுத்தினால் வண்டி தலைகீழாகக் கவிழலாம். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்துவதே முறை.

மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை இருக்கையில் அமர்ந்து, இரு கால்களாலும் தரையை உந்திச் செல்லுங்கள். சிறிது தூரம் கால்களைத் தூக்கிப் பாருங்கள். பார்வை முன்சக்கரத்தின் மேல் இருந்தால் வண்டி தள்ளாடும். பத்து அடிக்கு அப்பால் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பிரேக் பிடித்து, பிறகே காலை ஊன்றுங்கள். காலைத் தேய்த்து நிறுத்தும் பழக்கம் கணுக்காலைச் சுளுக்கும்.

ஆறாம் நாள் பெடல்களைப் பூட்டுங்கள். ஒரு பெடலை முன்னே மேலாக வைத்து, அதை அழுத்தியே புறப்பட வேண்டும். எட்டாம் நாளுக்குள் பலருக்கும் நேராகச் செல்ல வரும். கடைசி இரண்டு நாட்களில் திரும்புதல், ஒரு கையை எடுத்துச் சைகை காட்டுதல், தலையைத் திருப்பிப் பின்னே பார்த்தல் ஆகியவற்றைப் பழகுங்கள். பின்னே பார்க்கும்போது வண்டி கோடு மாறாமல் செல்ல வேண்டும். அது வரும்வரை சாலைக்குச் செல்ல வேண்டாம். பத்து நாட்கள் இருபதானாலும் குற்றமில்லை.

திண்டுக்கல் சாலைகளில்

நகரமும் அதைச் சூழ்ந்த ஊர்களும் பெரும்பாலும் சமவெளியில் அமைந்திருப்பது புதியவர்களுக்கு நல்வாய்ப்பு. சிறுமலைச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளும் கொடைக்கானல் மலைப்பாதையும் முதல் ஆண்டில் உங்களுக்கு உரியவை அல்ல. ஏற்றம் இதயத்தைச் சோதிக்கும். இறக்கம் பிரேக்கைச் சோதிக்கும்.

தேசிய நெடுஞ்சாலை 44-இன் முதன்மைத் தடங்களைத் தவிர்த்து, அணுகுசாலையையும் ஊர்ச் சாலைகளையும் பயன்படுத்துங்கள். பழனி சாலையில் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் லாரிகள் மிகுதி. பேருந்து நிலையத்தைச் சுற்றிய தெருக்களில், பேருந்துக்கும் நடைமேடைக்கும் இடையே ஒருபோதும் நுழையாதீர்கள். நின்ற காரின் கதவு திடீரெனத் திறக்கக்கூடும். ஒரு கை நீளம் விலகிச் செல்லுங்கள். இடப்பக்கமாகவே செல்லுங்கள், அருகில்தானே என்று எதிர்த்திசையில் போவது பெருங்கேடு. காதில் இயர்போன் வேண்டாம். குறுக்குச் சாலை நெரிசலாகத் தோன்றினால் இறங்கித் தள்ளிச் செல்வதில் இழிவு ஏதுமில்லை.

காலை 6 மணி முதல் 8 மணி வரை ஏற்ற நேரம். பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் 8 மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். இருள் பிரியுமுன் செல்வதானால் முன்விளக்கும், பின்னால் சிவப்பு ஒளிர்வில்லையும், வெளிர்நிற ஆடையும் வேண்டும். ஆடிக்காற்று மேற்கிலிருந்து வீசும் நாட்களில், காற்றை எதிர்த்து முதலில் செல்லுங்கள். திரும்பும்போது காற்று உங்களைத் தள்ளிவரும். மாற்றிச் செய்தால், களைத்த கால்கள் எதிர்க்காற்றில் சிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் தேங்கிய குழி தெரியாது. பிரேக்கும் தாமதமாகவே பிடிக்கும். தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் பழனி நோக்கிச் செல்லும் பாதயாத்திரைப் பக்தர்கள் சாலையோரங்களில் நிறைந்திருப்பர். அந்நாட்களில் வேறு வழியைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

மண்பாதையோரம் சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சி முள்ளும் டயரைப் பதம்பார்க்கும். பஞ்சரானால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வர வேண்டியிருக்கும். எனவே தொடக்கத்தில், நடந்தே திரும்பக்கூடிய தொலைவுக்கு மேல் செல்லாதீர்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

இப்பகுதியை இன்சுலின் போடுவோரும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் உட்கொள்வோரும் கருத்தூன்றிப் படிக்க வேண்டும். இம்மருந்துகளோடு உடலுழைப்பும் சேரும்போது சர்க்கரை அளவு தேவைக்கு மேல் இறங்கிவிடலாம்.

தாழ்சர்க்கரையின் அறிகுறிகள் வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும்பசி, தெளிவின்மை ஆகியன. மிதிவண்டி ஓட்டும்போது வியர்ப்பதும் நெஞ்சு படபடப்பதும் இயல்புதானே! ஆகவே "ஓட்டிய களைப்பு" என்று எண்ணி மேலும் மிதித்துவிடும் ஆபத்து இங்கு உண்டு. ஐயம் எழுந்தால் உடனே நிறுத்துங்கள். இறங்கி, ஓரமாக அமருங்கள். மூன்று அல்லது நான்கு தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ உட்கொள்ளுங்கள். 15 நிமிடம் கழித்தும் தெளியாவிட்டால் மீண்டும் உட்கொள்ளுங்கள். சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம் இல்லாமல் புறப்படவே கூடாது.

வீட்டில் சோதிக்கும் கருவி இருந்தால், புறப்படுமுன் பாருங்கள். 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் அல்லது இரண்டு இட்லி சாப்பிட்டுச் சற்றுப் பொறுத்துச் செல்லுங்கள். 300-க்கு மேல் இருந்தால் அன்று பயிற்சியைத் தவிர்த்து மருத்துவரிடம் கேளுங்கள். மருந்தை எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றில் ஓட்டுவது கூடாது. மிதிக்கவிருக்கும் நாளில் தொடையில் இன்சுலின் போட வேண்டாம். உழைக்கும் தசைக்கருகே போட்ட மருந்து விரைந்து உறிஞ்சப்படும். வயிற்றுப் பகுதியே ஏற்றது. சர்க்கரை இறங்குவது அன்றிரவிலும் நிகழலாம் என்பதால், தூரத்தைக் கூட்டிய நாளில் இரவுணவைத் தவிர்க்காதீர்கள். மருந்தின் அளவை நீங்களாகக் குறைக்க வேண்டாம். பயிற்சி தொடங்கிய செய்தியை மருத்துவரிடம் கூறினால் அவர் மாற்றித் தருவார்.

பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வீடு திரும்பியதும் பாதங்களையும் விரலிடுக்குகளையும் பார்க்க வேண்டும். காலணிக்குள் புகுந்த ஒரு சிறு கல் உண்டாக்கிய புண், நீங்கள் அறியாமலே வளரக்கூடும்.

இதயமும் இரத்த அழுத்தமும்

எவ்வளவு வேகம் சரி? எளிய அளவுகோல் பேச்சு. மிதித்துக்கொண்டே தொடர்ந்து ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும். பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கலாம். இடையிடையே மூச்சு வாங்கி இரண்டு சொல்தான் வருகிறது என்றால், வேகம் மிகுதி. அட்டெனொலால், மெட்டோபுரோலால் போன்ற மருந்துகள் நாடித்துடிப்பை உயரவிடா. ஆகவே அவற்றை உட்கொள்வோர் நாடியை எண்ணி வேகத்தை அறிய முடியாது. பேச்சு அளவுகோலே அவர்களுக்கு நம்பகமானது. இம்மருந்துகள் தாழ்சர்க்கரையின் படபடப்பையும் மறைத்துவிடும். நீரிழிவும் உள்ளவர்கள் வியர்வையைக் கவனிக்க வேண்டும்.

முதல் ஐந்து நிமிடம் மிக மெதுவாகவும், கடைசி ஐந்து நிமிடம் மீண்டும் மெதுவாகவும் மிதியுங்கள். வேகமாக ஓட்டித் திடீரென இறங்கி நின்றால் இரத்தம் கால்களில் தங்கி மயக்கம் வரலாம்.

நெஞ்சில் அழுத்தம் அல்லது வலி, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, அளவுமீறிய மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, கண் இருளுதல், துடிப்பு தாறுமாறாதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். "வீடு பக்கம்தானே" என்று மிதிக்க வேண்டாம். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை பரிந்துரைக்கப்பட்டிருந்தால், உட்கார்ந்தபடி அதை வையுங்கள், 108-ஐ அழையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைப் பையில் வைத்திருக்க வேண்டும்.

விழுந்தால்

கற்கும்போது சிறு சிராய்ப்பு வரலாம். ஓடும் நீரிலும் சோப்பிலும் நன்கு கழுவுங்கள்; மண் உள்ளே தங்கக் கூடாது. காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு முதலியவற்றை அப்ப வேண்டாம். இரணஜன்னித் தடுப்பூசி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தலையில் அடிபட்டிருந்தால் ஒருநாள் முழுவதும் ஒருவர் உடனிருந்து கவனிக்க வேண்டும். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம், குழப்பமான பேச்சு ஆகியவை தென்பட்டால் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்பவர், தலையில் அடிபட்டால், அறிகுறி ஏதும் இல்லையென்றாலும் வந்தாக வேண்டும்.

குடும்பத்தாருக்கு

"இந்த வயதில் விழுந்தால் யார் பார்ப்பது?" என்ற உங்கள் கவலை நியாயமானதே. ஆயினும் அசையாமல் அமர்ந்திருப்பதிலும் ஆபத்து உண்டு. அது கண்ணுக்குத் தெரிவதில்லை. தடுப்பதைவிட உடன்நிற்பது மேல். முதல் பத்து நாட்கள் ஒருவர் அருகே இருங்கள். தாங்கிப் பிடிப்பதானால் ஹாண்டில்பாரைப் பிடிக்காதீர்கள். ஓட்டுபவருக்குச் சமநிலை கிட்டாது. இருக்கையின் பின்புறத்தையோ கேரியரையோ மெல்லப் பிடியுங்கள். சிரிக்காதீர்கள்; அவசரப்படுத்தாதீர்கள்.

தனியே செல்லத் தொடங்கியபின், எந்த வழியாகச் செல்கிறார், எப்போது திரும்புவார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெயர், நோய், உட்கொள்ளும் மருந்துகள், வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அவர் பையில் வையுங்கள். கைப்பேசியும் ஒரு குப்பி நீரும் உடன் இருக்கட்டும். சிறுநீரகம் அல்லது இதயத் தளர்ச்சியால் நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள், எவ்வளவு அருந்தலாம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஐந்து வாரக் கணக்கு

ஓட்டக் கற்றபின், முதல் வாரம் நாளுக்கு 10 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாட்கள். இரண்டாம் வாரம் 15 நிமிடம். மூன்றாம் வாரம் 20. நான்காம் வாரம் 25. ஐந்தாம் வாரம் 30. ஐந்தாம் வாரத்தில் 150 நிமிடக் கணக்கு தானே நிறைந்துவிடும். ஏதேனும் ஒரு வாரம் கடினமாக இருந்தால் அடுத்த வாரமும் அதே அளவில் தொடருங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ள நாட்களில் ஓய்வெடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவின் பாதியிலிருந்து தொடங்குங்கள்.

ஒவ்வொரு நாளும் ஓட்டிய நிமிடங்களையும், உடல் எவ்வாறு இருந்தது என்பதையும் மருந்துச் சீட்டுக் கோப்பின் பின்தாளில் ஒரு வரியாகக் குறித்து வாருங்கள். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது அதை மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த அளவுகளோடு அதையும் சேர்த்துப் பார்த்தால், எந்த மருந்தை மாற்றலாம், எவ்வளவு தூரம் கூட்டலாம் என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியும்.